ஆட்டுத்தோலுக்குப் பத்து நாள்

சிட்னியில் இறங்கி முக்கால் மணி நேரத்தில் இத்ரீஸ் அழுதுவிட்டார். அவரோடு ஆறு வருடம் மேடையேறியிருக்கிறேன். வான் வண்டி பிந்தினாலும், சாப்பாடு வராவிட்டாலும், மழையில் மேடை சரிந்தாலும் சிரித்துக்கொண்டு நிற்கிற மனிதர். ஐம்பது வயது, சுருட்டைத் தலை, விறகுக்கட்டை போன்ற கைகள். அவரை அழவைத்தது ஒரு சிட்டிகை ஆட்டு ரோமம்.

2012ஆம் ஆண்டு. நாங்கள் நான்கு பேர், சிட்னியில் ஒன்றும் மெல்பேர்னில் ஒன்றுமாக இரண்டு கச்சேரிகளுக்கு வந்திருந்தோம். இருவர் பெல்ஜியக்காரர்கள், நல்ல மனிதர்கள், இந்தக் கதைக்குள் அதிகம் வரமாட்டார்கள். மூன்றாவது நான். யாழ்ப்பாணத்தில் பிறந்து, பாரிஸில் பகலில் ஓர் உணவகத்தின் குசினியில் வெங்காயம் வெட்டி, வார இறுதியில் கஞ்சிரா வாசிக்கிறவன். நான்காவது இத்ரீஸ். மொரோக்கோக்காரர், இருபத்தெட்டு வருடமாக பிரசெல்ஸ்வாசி. அவர் வாசிப்பது பெந்தீர். மரச்சட்டத்தில் ஆட்டுத்தோல் போர்த்திய பெரிய வட்டப் பறை.

என் உடும்புத்தோல் கஞ்சிராவை நான் பாரிஸிலேயே விட்டுவிட்டு, பிளாஸ்டிக் தோல் போட்ட இன்னொன்றைத்தான் கொண்டு வந்திருந்தேன். சிட்னியில் இருக்கும் என் பெரியம்மா மகள் வசந்தி அக்கா தொலைபேசியில் முன்கூட்டியே வெருட்டியிருந்தார். "தம்பி, இங்க மிளகாய்த்தூளையே முகர்ந்து பாத்திட்டுத்தான் விடுவினம். உன்ர உடும்பைக் கண்டால் உன்னையும் சேத்து அடைச்சுப்போடுவினம்."

இத்ரீஸை வெருட்ட ஒருவரும் இருக்கவில்லை. விமான நிலையத்தில் நிரப்பக் கொடுத்த சுங்க அட்டையில் உள்ளதை நான் பிரெஞ்சில் வாசித்துச் சொல்ல, அவர் தோல் இருக்கிறது என்று நேர்மையாக ஒப்புக்கொண்டார். கையுறை போட்ட ஒரு பெண் அதிகாரி பெந்தீரைத் திருப்பி, சிறிய டார்ச்சை அடித்துப் பார்த்தார். சட்டத்தின் உள்விளிம்பில், தோல் மடிந்த இடத்தில், பழுப்பாக ஒரு சிட்டிகை ரோமம்.

"இதை ஏன் வெட்டவில்லை?" என்று கேட்டார்.

இத்ரீஸ் சொல்ல நான் மொழிபெயர்த்தேன். "என் மகள் பிறந்த ஏழாம் நாள் பெயர் வைத்தபோது அறுத்த ஆடு. அதன் தோல் இது. குழந்தையின் பெயருக்கு அறுத்த ஆட்டில் பெந்தீர் செய்தால், என் தகப்பனார் விளிம்பில் கொஞ்சம் ரோமத்தை விட்டுவைப்பார். நானும் விட்டேன்."

அந்தப் பெண் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். "அழகாயிருக்கிறது. ஆனால் ரோமம் ரோமம்தான்" என்றார். மூன்று வழிகள் இருந்தன. அழித்துவிடலாம். வந்த வழியே திருப்பி அனுப்பலாம். அல்லது ஓர் இடத்துக்கு அனுப்பி, கதிர் பாய்ச்சிக் கிருமி நீக்கி எடுக்கலாம். அதற்குப் பத்து நாள். இன்னொரு தடவை கொண்டுவந்தாலும் இதே சட்டம்தான் என்று நல்லெண்ணத்தோடு எச்சரித்தும் வைத்தார். தாளில் கையெழுத்துப் போடும்போதுதான் இத்ரீஸுக்குக் கண் நிறைந்தது.

பெயர் வைக்கப்பட்ட அந்த மகள், சல்மா, மெல்பேர்னில் இருந்தாள். அவர் அவளைப் பார்த்துப் பத்து வருடம். இந்தப் பயணத்துக்கு அவர் சம்மதித்ததே அவளுக்காகத்தான்.

நானும் இத்ரீஸும் குவேக்கர்ஸ் ஹில்லில் வசந்தி அக்கா வீட்டில் தங்கினோம். அக்கா முதல் நாளே புட்டும் ஆட்டிறைச்சிக் கறியும் வைத்தார். இத்ரீஸ் புட்டைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "இது குஸ்குஸின் தம்பி" என்று மூன்று தடவை போட்டுச் சாப்பிட்டார். அக்காவுக்கு அவரைப் பிடித்துப்போனது. சாப்பாட்டை வளைத்துக்கட்டுகிற ஆளை எங்கள் குடும்பத்தில் யாரும் வெறுத்ததில்லை.

மறுநாள் கடைகள் நிறைந்த ஹரிஸ் பார்க்குக்கு ரயிலில் போனோம். சிட்னி ரயிலில் ஒரு விநோதம் உண்டு. ஆசனத்தின் முதுகைப் பிடித்துத் தள்ளினால் அது மறுபக்கம் விழுந்துவிடும். எந்தத் திசையில் போனாலும் முன்னால் பார்த்து இருக்கலாம். பாரிஸில் பாதிப்பேர் பின்பக்கமாகவே வேலைக்குப் போகிறோம். இத்ரீஸ் குழந்தை மாதிரி இரண்டு முறை தள்ளிப் பார்த்தார். பிறகு பின்னால் பார்க்கிற மாதிரி வைத்து அமர்ந்துகொண்டார். "போகிற இடம் தானாக வரும். போன இடத்தைத்தான் பார்த்து வைக்க வேண்டும்" என்றார்.

அந்த ரயிலில்தான் அவருடைய கதை முழுவதையும் கேட்டேன். ஆறு வருடம் ஒன்றாக வாசித்தும் அவரிடம் தாளத்தைத் தவிர வேறொன்றும் கேட்டதில்லை என்பது எனக்கே வெட்கமாயிருந்தது. அகாதிருக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். ஒன்பது வயதில் தகப்பனோடு கல்யாண வீடுகளுக்கு வாசிக்கப் போனார். இருபத்திரண்டு வயதில் ஒரு குழுவோடு மூன்று வாரக் கச்சேரிக்கு பிரசெல்ஸ் வந்தார். மற்றவர்கள் திரும்பினார்கள், இவர் நின்றுவிட்டார். பதினொரு வருடம் ட்ராம் கொட்டகையில் ட்ராம் கழுவினார். சனி ஞாயிறுகளில் மொரோக்கோக் கல்யாணங்கள். அங்கே வந்த ஒரு ஜாஸ்காரர் கேட்டுவிட்டு இழுத்துப்போனார். பிறகு நாடகம், நடனக் குழுக்கள், வகுப்புகள். இன்று மூன்று நாட்டிலிருந்து பிள்ளைகள் அவரிடம் வந்து கற்கிறார்கள். ஐரோப்பாவில் அவருக்கு ஒரு பெயர் இருக்கிறது. வீட்டில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடத்தான் ஆளில்லை.

மனைவி ஓர் அவுஸ்திரேலிய நடனக்காரி. சல்மாவை இத்ரீஸின் ஊரில்தான் பெற்றார். பிரசெல்ஸில் எட்டு வருடம் குடும்பம் ஓடியது, பிறகு நொண்டியது, பிறகு தாய் மகளைக் கூட்டிக்கொண்டு மெல்பேர்ன் போய்விட்டார். "தோல் குளிரில் தளர்ந்துவிடும். வாசிக்குமுன் காய்ச்ச வேண்டும்" என்றார் இத்ரீஸ். "எங்கள் வீட்டில் நெருப்பு இல்லை. சல்மா தரையில் இருந்து தாயின் தலைமுடி உலர்த்தும் யந்திரத்தைப் பிடிப்பாள். கிட்டக் கிட்டக் கொண்டு வருவாள். நான் 'தள்ளிப் பிடி, சுட்டுவிடும்' என்று சொல்லிக்கொண்டே இருப்பேன்."

கேட்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. கஞ்சிரா இதற்கு நேர் எதிர். நாங்கள் தோலில் தண்ணீர் தடவி இளக்குவோம். நான் தோலை நனைக்கிறவன், அவர் காய்ச்சுகிறவர். பக்கத்தில் பக்கத்தில் இருந்து இதைச் செய்து எத்தனையோ தடவை சண்டை பிடித்திருக்கிறோம்.

பெந்தீரின் சட்டத்தில் பெருவிரல் நுழைக்க ஓர் ஓட்டை உண்டு. சல்மாவின் விரல் அதற்குள் தொளதொளவென்று ஆடும். "உன் பெருவிரல் இதை நிறைக்கும் நாளில் இது உன்னுடையது" என்று வாக்குக் கொடுத்திருந்தார். அவள் போன பிறகு பெருநாளுக்குப் பெருநாள் தொலைபேசியில் பேசினார்கள். போகப் போக அவளுக்கு பிரெஞ்சு மறந்தது. இவருக்கு ஆங்கிலம் வரவில்லை. "நலமா", "நலம்" என்று இரண்டு சொல்லில் வந்து நின்று, ஒரு பெருநாளோடு அதுவும் நின்றது. இப்போது அவளுக்குப் பதினெட்டு வயது. வருகிறேன், கச்சேரிக்கு வா என்று எழுதியிருந்தார். பதில் கைத்தொலைபேசியில் ஆங்கிலத்தில் ஒற்றை வரி: 'பார்ப்போம்.'

அதை ஒரு நாளைக்கு நாலு தடவை என்னிடம் நீட்டி, "ஆங்கிலத்தில் இது எப்படிப்பட்ட சொல்? நல்ல சொல்லா?" என்று கேட்பார். நான் நல்ல சொல் என்பேன். அக்காவிடம் சொன்னபோது அவர் தலையை ஆட்டினார். "எங்கட சனம் பாப்பம் எண்டால் வரமாட்டினம் எண்டுதான் அர்த்தம். இந்தப் பிள்ளை வெள்ளைக்காரப் பிள்ளை, என்னத்தை நினைச்சுச் சொல்லுதோ தெரியேல்லை." இதை நான் மொழிபெயர்க்கவில்லை.

சிட்னிக் கச்சேரிக்கு ஒரு பறை வேண்டும். லிட்கம்மில் ஒரு லெபனான்காரரின் வாத்தியக் கடையில் ஒன்றை இரவல் வாங்கினோம். அதே அளவு, அதே வட்டம், தோல் போலவே மங்கிய மஞ்சள். இத்ரீஸ் ஒரு தட்டுத் தட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அது பிளாஸ்டிக் என்று கடைக்காரர் ஆங்கிலத்தில் சொன்னார். அந்த ஒரு வசனத்தை மொழிபெயர்க்க மறந்தது என் பிழை.

சனிக்கிழமை காலை கச்சேரி நாள். நான் குளித்துக்கொண்டிருந்தேன். முதலில் நாற்றம் வந்தது, பிறகு வீடே அலறியது. துவாயோடு ஓடிவந்து பார்த்தால், குசினியில் காஸ் அடுப்பு எரிகிறது. கூரையில் புகை மணி கத்துகிறது. நடுவில் இத்ரீஸ், அப்பளம் மாதிரிச் சுருண்டுபோன பறையைக் கையில் பிடித்தபடி. நாற்பது வருடப் பழக்கம். கண்ணை மூடிக்கொண்டு அடுப்பில் காட்டியிருக்கிறார்.

அக்கா கதிரையில் ஏறி நின்று உலக்கைக் கட்டையால் மணியைத் தட்டினார். "ரவி, உன்ர கூட்டாளி என்னடா சமைக்கிறார்?"

"பறை, அக்கா."

பக்கத்து வீட்டு அம்மாள் பயந்துபோய் தொலைபேசி எடுத்துவிட்டார். தீயணைப்பு வண்டி வந்தது. ஆறடி உயர மனிதர்கள் சப்பாத்தோடு குசினிக்குள் வந்து, சுருண்ட பறையைப் பார்த்தார்கள், துவாயோடு நின்ற என்னைப் பார்த்தார்கள். இரவு மிஞ்சின புட்டைச் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லி அக்கா அவர்களைக் கேட்டது எனக்கு இன்னும் பெருமை.

அன்று பின்னேரம் இத்ரீஸ் கையளவு இரும்புச் சப்ளாக்கட்டைகளை மட்டும் வைத்துக்கொண்டு வாசித்தார். சனம் எழுந்து நின்று கைதட்டியது. அவர் தலைகுனிந்து வணங்கினார். திரும்பும் வழி முழுக்க சப்ளாக்கட்டைகளை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். சல்மாவின் முன்னால் வெறும் இரும்போடு நிற்கப்போகிறேன் என்று நினைத்திருப்பார். தோல் வெள்ளிக்கிழமைதான் கிடைக்கும். மெல்பேர்ன் கச்சேரி சனிக்கிழமை. நாங்களோ புதன்கிழமையே அங்கே போய்விட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஹரிஸ் பார்க்கிலிருந்து வீடு திரும்பும்போது, தண்டவாள வேலை என்று ரயில் ஓடவில்லை. அங்கே பலசரக்குக் கடையொன்றின் வான் ஓட்டும் குகன் எங்களை ஏற்றிக்கொண்டான். அக்காவுக்குத் தெரிந்த பையன், முப்பது வயது, முல்லைத்தீவு. படகில் வந்தவன். தற்காலிக விசா. வழியில் நான் இத்ரீஸின் கதையைச் சொன்னேன். குகன் சிக்னலில் நிற்கும்போது கண்ணாடியில் அவரைப் பார்த்தான்.

"எனக்கும் மகள்தான் அண்ணை. வவுனியாவில, அம்மாவோட. ஆறு வயசு. நான் வெளிக்கிடேக்க மூண்டு." கொஞ்சத் தூரம் போனபின் மறுபடி சொன்னான். "இவருக்கு விசா கிடக்கு, டிக்கெட் எடுத்து வந்திட்டார். மகள் வந்தாலும் வராட்டிலும் அந்த ஊருக்காவது போறார். எனக்கு டிக்கெட் ஆரும் சும்மா தந்தாலும் போகேலாது. போனால் திரும்பி வரேலாது."

நான் பாரிஸ் வந்த காலத்தில் எனக்கும் இப்படி ஒரு தாள் இருந்தது.

வீட்டு வாசலில் இறக்கிவிட்டபோது குகன் கேட்டான். "அந்தப் பறை வெள்ளிக்கிழமையே வருது? நான் வெள்ளி மத்தியானம் மெல்பேர்னுக்குச் சாமான் கொண்டு போறனான். அக்கா எடுத்துத் தந்தால் சனி விடிய உங்கட கையில தாறன்."

மெல்பேர்னில் ட்ராம்கள் ஓடுகின்றன. இத்ரீஸ் முதல் ட்ராமைக் கண்டதும் குனிந்து கதவின் அடிப்பகுதியைப் பார்த்தார். "இங்கே கழுவவில்லை. எல்லோரும் கண்ணாடியைத்தான் கழுவுவார்கள்" என்று குறை சொன்னார். சல்மாவின் முகவரி பிரன்ஸ்விக்கில் இருந்தது. கேட்காமல் வீட்டுக்குப் போவது முறையில்லை என்றார். ஆனால் அந்தத் தெருவைத் தாண்டிப் போகும் ட்ராமில் ஏறுவதற்கு முறை தடை சொல்லவில்லையாம். இரண்டு நாளும் ஏறினோம். அவளுடைய தரிப்பிடம் வரும்போது எழுந்து நிற்பார். கதவு திறக்கும். மூடும். இருந்துவிடுவார். கடைசி நிலையம் வரை போய், ஒரு லெபனான் ரொட்டிக் கடையில் மூலிகைத்தூள் தூவிய ரொட்டி சாப்பிட்டுவிட்டு, அதே வழியால் திரும்புவோம். இரண்டாம் நாள் நான் பொறுமையிழந்து, "இறங்குங்கள் மனிதா, கதவைத் தட்டினால் என்ன குறைந்துவிடும்?" என்று கத்தினேன். "வெறுங்கையோடா?" என்றார்.

சனிக்கிழமை காலை மழை. குகன் இரவிரவாக ஓடிச் சிவந்த கண்ணோடு வந்து இறங்கினான். மிளகாய்த்தூள் மூட்டைகளுக்கு நடுவில், அக்காவின் பழைய பருத்திச் சேலையில் சுற்றிய பெந்தீர். இத்ரீஸ் சேலையை அவிழ்த்து முதலில் ரோமத்தைத் தொட்டுப் பார்த்தார். இருந்தது. பிறகு தோலை முகர்ந்து தும்மினார். ஆட்டு வாசம் போய் யாழ்ப்பாணத்துத் தூள் வாசம். குகனைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். அவன் வெட்கத்தில் நெளிந்தான்.

கச்சேரி பகல் இரண்டு மணிக்கு. ஒன்றரைக்கு இத்ரீஸ் தோலைத் தட்டினார். ஈரத் துணியைத் தட்டிய சத்தம். அடுப்பும் இல்லை, தலைமுடி உலர்த்தும் யந்திரமும் இல்லை. மேடைக்குப் பின்னாலிருந்த கழிவறையில் கை உலர்த்தும் சுவர் யந்திரம் ஒன்றுதான் கிடைத்தது. அது எண்ணி இருபது வினாடியில் நின்றுவிடும். நான் பொத்தானை அழுத்த, அவர் பெந்தீரை அதன் வாய்க்குக் கீழே பிடித்துச் சுற்ற, நிற்க, நான் மறுபடி அழுத்த, இப்படியே கால் மணி நேரம். குகன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு காவல் நின்றான்.

"அண்ணை, ஆரோ வருகினம்" என்றான்.

மஞ்சள் மழைச் சட்டை. அவருடைய அதே சுருட்டைத் தலை. கதவடியில் நின்று எங்களைப் பார்த்தாள். இத்ரீஸ் யந்திரத்துப் பக்கமே முகம் திருப்பியிருந்தார். அந்த இரைச்சலில் அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. நான் மறுபடி பொத்தானை அழுத்தவில்லை. யந்திரம் நின்றது.

அவள் பிரெஞ்சில் சொன்னாள். உடைந்த பிரெஞ்சு, சிறுபிள்ளையின் பிரெஞ்சு. "தள்ளிப் பிடி. சுட்டுவிடும்."

இத்ரீஸ் உடனே திரும்பவில்லை. பெந்தீரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி நின்றார். அவள் என்னைத் தாண்டி வந்து பொத்தானை அழுத்தினாள். யந்திரம் மறுபடி இரைந்தது. அவர் தோலைப் பிடித்தார். அதற்குப் பிறகு அவள்தான் அழுத்தினாள். நானும் குகனும் வெளியே வந்துவிட்டோம்.

அன்று அவர் வாசித்ததை எழுத எனக்குத் தமிழ் போதாது. ஆறு வருடமாக அவருக்குப் பக்கத்தில் இருந்து அவருடைய கையைப் பார்க்கிறேன். அன்றுதான் அது அவசரப்படவில்லை. நான் என் தாளத்தை இரண்டு தடவை தவறவிட்டேன். ஒருவரும் கவனிக்கவில்லை.

முடிந்தபின் மண்டபத்துக்கு வெளியே ட்ராம் தரிப்பிடத்தில் நின்றோம். மழை விட்டிருந்தது. அவளுடைய பிரெஞ்சு அந்த ஒரு வசனத்தோடு தீர்ந்துபோயிருந்தது. ஆகவே நான் நடுவில். ரோமத்தின் கதை, பத்து நாள் கதை, அக்கா வீட்டு அடுப்புக் கதை எல்லாவற்றையும் சொன்னேன். தாயைப் போலச் சிரிக்கிறாள் என்று இத்ரீஸ் என் காதில் சொன்னார். பிறகு பெந்தீரை அவளிடம் நீட்டினார். அவள் பெருவிரலை ஓட்டைக்குள் விட்டாள். சரியாக நிறைந்தது.

"உன்னுடையது" என்றார். இதற்கு நான் தேவைப்படவில்லை.

அவள் அதைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்தாள். தோலில் மூக்கை வைத்து முகர்ந்தாள். தூள் வாசத்துக்கு அடியில் சூடுபட்டு ஆட்டு வாசம் எழும்பியிருக்க வேண்டும், கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு விரலை உருவி, அவர் கையிலேயே திருப்பி வைத்துவிட்டு, என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னாள். "அவரிடம் சொல்லுங்கள். நான் இதை வாங்கமாட்டேன்."

எத்தனையோ மொழிபெயர்த்திருக்கிறேன். விசா நேர்முகம், வைத்தியர் சொன்ன கெட்ட செய்தி, ஒரு விவாகரத்து. இந்த ஒரு வசனத்துக்கு என் வாய் திறக்கவில்லை. இத்ரீஸ் என் முகத்தையே பார்த்தார்.

"முழுவதையும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்" என்றாள். "இதை என்னிடம் தந்துவிட்டால் வாக்கு முடிந்தது என்று போய்விடுவார். வேண்டாம். கொண்டுபோகட்டும். அடுத்த வருடம் திரும்பக் கொண்டுவரட்டும். அந்த ரோமத்தை மட்டும் வெட்டக் கூடாது. வெட்டினால் விமான நிலையத்தில் உடனே விட்டுவிடுவார்கள். வெட்டாவிட்டால் பத்து நாள் பிடித்து வைப்பார்கள். அந்தப் பத்து நாளும் அப்பா இங்கே என்னோடு நின்றுதானே ஆக வேண்டும்?"

நான் பிரெஞ்சில் சொன்னேன். ஒரு சொல்லும் விடாமல், மெதுவாக, இரண்டு தடவை சொன்னேன். இத்ரீஸ் அக்காவின் சேலையை எடுத்து, பெந்தீரின் உள்விளிம்பில் அந்த ரோமம் இருந்த இடத்தைக் கைக்குழந்தைக்குப் போர்த்துவதுபோல் முதலில் மூடினார். பிறகுதான் மற்றதைச் சுற்றினார்.